ஓரகத்தியின் சலவை இயந்திரத்தை இடம் மாற்ற அனுமதியும், பூட்டிய கூடத்தின் சாவியும் கோரி

அனுப்புநர்:
செயலாளர்,
பொதுச் சலவைக்கூடப் பெண்கள் சங்கம்,
சலவைக்கூடத் தெரு.
(கூடம் பூட்டப்பட்டுள்ளதால் பதில் கடிதத்தை எதிரேயுள்ள இஸ்திரி வண்டியில் கொடுக்கவும்.)

பெறுநர்:
உயர்திரு திட்ட இயக்குநர் அம்மா அவர்கள்,
நகர்ப்புறப் பெண்கள் மேம்பாட்டுத் திட்டம் (பன்னாட்டு நிதியுதவி),
இரண்டாவது மாடி, நகராட்சிக் கட்டடம்.

பொருள்: திட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட சலவை இயந்திரத்தைக் கணவர் வீட்டிலிருந்து எடுத்துச் செல்ல அனுமதி வேண்டுதல், பூட்டப்பட்ட பொதுச் சலவைக்கூடத்தை மீண்டும் திறக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. எங்கள் சங்கத்தின் முந்தைய மனுக்கள் இரண்டு. 2. தங்கள் அலுவலகம் என் ஓரகத்திக்கு அனுப்பிய அழைப்புக் கடிதம்.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். இதே விஷயமாக இதற்கு முன் நாங்கள் அனுப்பிய இரண்டு மனுக்களும் தங்கள் மேசைக்கு வந்து சேரவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். வந்து சேர்ந்தும் பதில் இல்லை என்று நினைப்பதைவிட அப்படி நினைப்பது மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது. ஆகவே இந்த மூன்றாவது மனுவை நானே நேரில் கொண்டுவந்து, தங்கள் அறைவாசலில் இருக்கும் உதவியாளரிடம் கொடுத்து, முத்திரை வாங்கிக்கொண்டுதான் படியிறங்குவேன் என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன்.

1. எங்கள் சங்கம் தங்கள் திட்டத்தால் உருவானதல்ல. பொது மருத்துவமனையிலிருந்தும் சில தங்கும் விடுதிகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்பு, தலையணை உறை, திரைச்சீலை எல்லாவற்றையும் நாங்கள்தான் சலவைக்கூடத்தில் வெளுத்து வந்தோம். மருத்துவமனை மூட்டைகளில், நோயாளிகளுக்குக் குத்திய ஊசிகள் துணியோடு சுருண்டு வரும். எங்களில் ஒருத்திக்கு உள்ளங்கையில் ஏறியபோது, மருத்துவமனை மேலாளர் “பார்த்துத் துவைக்க வேண்டியதுதானே” என்றார். மறுநாள் நாங்கள் எல்லோரும் கூடத்துக்கு வந்து மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தோம். தொடவில்லை. இரண்டு நாளில் மருத்துவமனையில் விரிக்கத் துணி இல்லை. பெரிய டாக்டரே கூடத்துக்கு வந்தார். அன்றிலிருந்து ஊசிக்குத் தனிப் பெட்டி, எங்களுக்குக் கையுறை. அது நாங்கள் கெஞ்சி வாங்கியதல்ல, உட்கார்ந்து வாங்கியது. சங்கம் பிறந்த கதை அவ்வளவுதான்.

2. குறை சொல்ல வந்த இடத்திலும் நியாயம் பேச வேண்டும். தங்கள் திட்டம் எங்களுக்கு ஆளுக்கொரு சலவை இயந்திரம் கொடுத்தது. அதுவும் வீட்டு ஆண்கள் பெயரில் அல்ல, எங்கள் பெயரில். என் பெயரில் வந்த முதல் சாமான் அதுதான். அதற்கு முன் என் பெயரைச் சொல்லி வந்ததெல்லாம் வசவுதான். மெஷின்மீது எங்களுக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. கல்லில் அடித்துத் துவைத்த காலம் திரும்ப வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அப்படிக் கேட்பவள் யாராவது இருந்தால் அவளுக்கு இடுப்பு வலி வந்ததில்லை என்று அர்த்தம். கூடத்தின் தரை வழுக்கும், கூரை ஒழுகும், ஈரத்தில் நின்று நின்று கால்விரல் இடுக்கெல்லாம் புண்ணாகும். இவை அனைத்தும் தங்கள் அறிக்கையில் உள்ளபடியே உண்மை.

3. ஆனால் அந்த இயந்திரங்கள் கூடத்துக்கு வரவில்லை, அவரவர் வீட்டுக்கு வந்தன. ஏன் என்று கேட்டதற்கு, நாங்களே ஒருமனதாக அப்படிக் கேட்டோம் என்று பதில் வந்தது. அந்த ஒருமனம் உருவான விதத்தைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவது என் கடமை.

கணக்கெடுப்புக்கு வந்த தங்கை நல்ல பிள்ளை. பொதுக்கூட்டம் போட்டுக் கேட்டால் ஆண்களே பேசிவிடுகிறார்கள், அதனால் பெண்களைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பது நிதி தரும் நிறுவனத்தின் விதி என்று அவள் சொன்னாள். நல்ல விதிதான். ஆனால் தனித்தனியாகக் கேட்க அவள் வந்தது எங்கள் வீடுகளுக்கு. என் வீட்டில் பக்கத்திலேயே மாமியார் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். உள்ளறையில் என் கணவர் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்தார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் அதைக் குறைத்தது அந்த ஒரு தடவைதான். “வேலை வீட்டுக்கே வந்தா நல்லதா, கூடத்துக்குப் போறது நல்லதாக்கா?” என்று தங்கை கேட்டாள். நான் என்ன சொல்வேன்? “வீட்டுக்கே வந்தா நல்லதுதாம்மா” என்றேன். மாமியார் ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்துவிட்டு, பரவாயில்லை என்பதுபோல என்னைப் பார்த்தார். ஒவ்வொரு வீட்டிலும் இதே கேள்விக்கு இதே பதில்தான் வந்திருக்கிறது. எங்களைக் கூடத்தில் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டிருந்தால் ஒரே கூச்சலாக இருந்திருக்கும், அந்தத் தங்கைக்குத் தலைவலி வந்திருக்கும், ஆனால் உண்மையான பதில் கிடைத்திருக்கும்.

4. இயந்திரங்கள் வீட்டுக்கு வந்தபின் கூடம் தேவையில்லை என்று அதைப் பூட்டினார்கள். அடுத்த மாதம் அந்த இடம் வாகன நிறுத்தத்துக்குப் போகிறது என்று வாயிற்கதவில் ஒட்டியிருக்கிறது.

5. கூடத்தில் நடந்த வேலை துவைப்பது மட்டும் என்று யாரோ தங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். துவைப்பதை மெஷின் செய்துவிடும். மடிப்பதை அது செய்யாது. மருத்துவமனை விரிப்பு நீளமானது. ஒருத்தி மடித்தால் தரையில் புரளும், மறுபடியும் துவைக்க வேண்டியதுதான். ஆகவே இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, நீளவாக்கில் மடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வருவோம். ஒருத்தி தன் முனையை மற்றவளின் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து மடிப்பை எடுப்பாள். கூடத்தில் ஒவ்வொருத்திக்கும் ஒரு மடிப்பு ஜோடி உண்டு. ஜோடியை யாரும் சுலபத்தில் மாற்றிக்கொள்ள மாட்டோம். கல்யாண ஜோடியாவது அப்படி இப்படிப் போகலாம்.

ஒவ்வொரு விரிப்புக்கும் எதிரே வருகிறவளின் முகம் மூச்சுக்காற்று படும் தூரத்துக்கு வரும். அழுதிருந்தால் தெரியும். உதடு வீங்கியிருந்தால் தெரியும். சாப்பிடாமல் வந்திருந்தால்கூடத் தெரியும். “என்னடி?” என்று கேட்க வேறு இடம் தேடவே வேண்டாம். யார் வீட்டிலாவது புருஷன் கை நீண்டிருந்தால் அன்று சாயங்காலமே நாலு பேராகப் போய் அந்த வீட்டு வாசலில் நிற்போம். சண்டை போட மாட்டோம். “சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தோம் தம்பி” என்போம். பெரும்பாலும் அதுவே போதும். தங்கள் திட்டப் புத்தகத்தில் ‘பெண்களுக்கான பாதுகாப்பு ஏற்பாடு’ என்று ஒரு பாடம் இருக்கிறதே, அது எங்களிடம் முன்பே இருந்தது. பாடம் என்று எங்களுக்குத்தான் தெரியவில்லை.

6. என் மடிப்பு ஜோடி என் ஓரகத்தி. என் கொழுந்தனின் மனைவி. இதற்குமேல் எழுதப்போவது எங்கள் வீட்டு விஷயம். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “எழுதுங்கக்கா. இனிமே மறைக்கிறதுக்கு என்ன இருக்கு” என்றாள்.

அவள் வீடு எங்கள் தெருவிலிருந்து தள்ளி, மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம். கூடம் இருந்தவரை தினமும் பார்த்துக்கொண்டோம். பூட்டியபின் மூட்டைகள் அவரவர் வாசலுக்கே வேனில் வந்து, வேனிலேயே போயின. அவளைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. சங்கக் கூட்டத்துக்குப் பதிலாக அலுவலகம் எங்களுக்குப் போனில் ஒரு குழு அமைத்துக் கொடுத்தது. அதில் நான் என்ன எழுதினாலும் ஓரகத்தியிடமிருந்து உடனே ஒரு கட்டைவிரல் படம் வரும். சில நாள் கும்பிடு படமும் வரும். அவளுக்கு ஒரு குறையுமில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கட்டைவிரல் என் கொழுந்தனுடையது என்று பிறகுதான் தெரிந்தது. போன் அவனிடம்தான் இருந்திருக்கிறது. தங்கள் அறிக்கையில் ‘குழுவில் துடிப்பான பங்கேற்பு’ என்று எண்ணப்பட்டவர்களில் அவனும் சேர்த்தி.

7. ஒரு நாள் வேன் ஓட்டும் தம்பி என்னிடம், “உங்க ஓரகத்தி வீட்டு விரிப்பெல்லாம் பந்து மாதிரி சுருட்டி அனுப்புறாங்கக்கா. ஆஸ்பத்திரியில என்னையத் திட்டுறாங்க. கொஞ்சம் சொல்லி வைங்க” என்றான். எனக்குக் கோபம் வந்தது. மெஷின் வந்ததும் மகாராணிக்கு மடிப்புக்கூட மறந்துவிட்டதா என்று திட்டுவதற்காகவே பாலம் ஏறிப் போனேன். கதவைப் பாதிதான் திறந்தாள். இடது கையால் திறந்தாள். வலது கையில் துண்டு சுற்றியிருந்தது.

மணிக்கட்டு எலும்பு முறிந்து, வைத்தியம் பார்க்காமலேயே கோணலாகக் கூடிப்போயிருந்தது. கொழுந்தன் கதவோடு வைத்து நெரித்திருக்கிறான். காரணம் கேட்டேன். மூட்டை அனுப்பத் தாமதமானதுதான் காரணமாம். முறிந்த கையோடு கல்லில் துவைக்க முடியாது. கூடமாக இருந்தால் அவள் வராத முதல் நாளே நாங்கள் வாசலில் போய் நின்றிருப்போம். ஆனால் மெஷினை ஒரு கையால் ஓட்டலாம். துணியைப் போட்டு, பொத்தானை அழுத்தினால் போதும். ஆகவே மூட்டைகள் நேரத்துக்குப் போய்க்கொண்டேயிருந்தன, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மருத்துவமனையின் விரிப்புகள் அவள் வீட்டுக்குத் தவறாமல் வந்து போயின. அவள்தான் மருத்துவமனைக்குப் போகவில்லை.

“ஏன்டி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?” என்று கேட்டேன். “யாருகிட்டக்கா சொல்றது? மெஷின்கிட்டயா?” என்றாள்.

அம்மா, இந்த இடத்தில் எனக்கு எழுத்து ஓடவில்லை. இரண்டு தடவை கிழித்துப் போட்டுவிட்டு மூன்றாவது தாளில் எழுதுகிறேன்.

8. அன்றே அவளை என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். கோணலாகக் கூடிய எலும்பை மருத்துவமனையில் மறுபடியும் உடைத்துச் சேர்க்க வேண்டியிருந்தது. இப்போது மாவுக்கட்டில் இருக்கிறாள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தாகிவிட்டது, அதில் தங்களிடம் கேட்க ஒன்றுமில்லை. என் மாமியார் முதலில், “வீட்டு விஷயத்த வீதிக்கு இழுக்காத” என்றார். வீட்டுக்குள்ளேயே வைத்திருந்ததால்தான் எலும்பு கோணிற்று என்று அவருக்குச் சொன்னேன். கையை முறித்தவன் அவர் பெற்ற பிள்ளை. ஆனாலும் மறுநாளிலிருந்து ஓரகத்திக்கு அவர்தான் தலை வாரி விடுகிறார்.

9. தங்களிடம் கேட்க வேண்டிய விஷயம் இதுதான். அவளுடைய சலவை இயந்திரம் இன்னும் கொழுந்தன் வீட்டில் இருக்கிறது. அவள் பெயரில் இருக்கிறது, அவன் வீட்டில் இருக்கிறது. எடுத்து வரலாமா என்று கேட்டபோது தங்கள் கள அலுவலர், பதிவான முகவரியிலிருந்து இயந்திரத்தை நகர்த்தினால் அது விதிமீறல், இயந்திரம் திரும்பப் பெறப்படும், பயனாளிப் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும், மூட்டைகளும் நின்றுவிடும் என்றார். “ரூல் அப்படிக்கா, நான் என்ன பண்றது” என்றார். கட்டுப் பிரிக்கும்வரை அவள் பங்கு மூட்டைகளை நான் வாங்கித் துவைக்கலாமா என்று கேட்டேன். அதற்கும் விதி இடம் கொடுக்கவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் பதிவான முகவரியில் அவள் வேலையைத் தொடங்காவிட்டால் இயந்திரம் வேறொருவருக்குப் போய்விடும் என்று அறிவிப்பும் வந்திருக்கிறது.

அதாவது, பெண்ணின் பெயரில் சொத்து என்று தாங்கள் கொடுத்த பொருளை அவள் வைத்துக்கொள்ள வேண்டுமானால், கையை முறித்தவன் வீட்டுக்கே அவள் திரும்பிப் போக வேண்டும். பெண்கள் சமத்துவத்துக்காகக் கடல் கடந்து வந்த விதி இப்படி ஒரு காரியத்தைச் செய்யும் என்று அதை எழுதியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மியே நகருமாம், இந்த மெஷின் மட்டும் நகரக் கூடாதாம்.

தம்பியிடம் பேசி வாங்கி வருகிறேன் என்று என் கணவர் ஒரு நாள் கிளம்பிப் போனார். போனவர் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். அவரைப் பற்றி இம்மனுவில் வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

10. இந்த நிலையில்தான் தங்கள் அழைப்புக் கடிதம் வந்தது. நிதி தரும் நிறுவனத்திலிருந்து குழு வருகிறது என்றும், ‘வீட்டிலிருந்தே வெற்றி’ என்ற தலைப்பில் என் ஓரகத்தி அவர்கள் முன் பேச வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். ஏன் அவள் என்று முதலில் புரியவில்லை. பிறகு அறிக்கையைப் பார்த்தேன். அட்டையில் இருப்பது அவள்தான். மெஷின் வந்த புதிதில் எடுத்த படம். அதன்மேல் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அன்று அந்தச் சிரிப்பு பொய்யில்லை.

அதே அறிக்கையின் உள்ளே, ‘பெண்கள் வேலைக்குச் செல்வது குறித்த கணவர்களின் எதிர்ப்பு பெருமளவு குறைந்துள்ளது’ என்று ஒரு வரி சாதனையாகக் கொடுக்கப்பட்டுள்ளது. அது முற்றிலும் உண்மை. அவர்கள் எதிர்க்கும்படியான காரியம் எதையும் நாங்கள் இப்போது செய்வதில்லை.

11. எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர், இந்த நிதி வானத்திலிருந்து விழவில்லை என்று சொன்னார். பல நாட்டுப் பெண்கள் பல வருடம் ஓரிடத்தில் கூடிப் பேசி, ஊர்வலம் போய், பெரிய பெரிய அரங்குகளில் கதவைத் தட்டித்தான் ‘பெண்களுக்கென்றும் பணம் ஒதுக்கு’ என்பதைக் கொள்கையாக எழுத வைத்தார்கள் என்றார். கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. யாரோ முகம் தெரியாத பெண்கள் எங்களுக்காகவும் சேர்த்துக் கத்தியிருக்கிறார்கள். அவர்கள் கூடி வாங்கியதைக் கொண்டு எங்களைப் பிரித்து வைப்பது என்ன நியாயம்? ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு மெஷின், ஆளுக்கொரு பொத்தான் என்று வைத்துவிட்டு, பெண்கள் முன்னேறிவிட்டார்கள் என்று எழுதிக்கொள்வது யாருக்கு வசதி என்று தாங்களே யோசிக்க வேண்டுகிறேன். இன்று மூட்டையில் ஊசி வந்தால் உட்காருவதற்கு எங்களிடம் இடமில்லை. அவளவள் வீட்டில் அவளவள் உட்கார்ந்தால் அதற்குப் பெயர் போராட்டமில்லை, ஓய்வு.

திட்டத்தின் தொடக்க விழாவன்று தாங்கள் மேடையில், கல்லூரிக் காலத்தில் தாங்களும் பெண்கள் ஊர்வலங்களில் கொடி பிடித்துப் போனதாகச் சொன்னீர்கள். அதை நாங்கள் கைதட்டலுக்காகச் சொன்ன பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நம்பிக்கையில்தான் மூன்றாவது தடவையும் எழுதுகிறேன்.

ஆகவே பணிவுடன் வேண்டிக்கொள்வது:

(அ) மாதக் கடைசிக்குள், என் ஓரகத்தி தன் பெயரிலுள்ள இயந்திரத்தைக் கணவர் வீட்டிலிருந்து எடுத்துச் செல்ல எழுத்துமூலம் அனுமதி தர வேண்டும். எடுக்கும்போது தங்கள் அலுவலர் ஒருவர் கூட வந்து நின்றால் போதும். தூக்க நாங்கள் இருக்கிறோம்.

(ஆ) அவளுக்கு மட்டுமல்ல, வீட்டைவிட்டு வெளியேற நேரும் எந்தப் பெண்ணுக்கும் அவளுடைய பொருள் அவளோடு போகும் என்று விதியை மாற்றி எழுத வேண்டும்.

(இ) சலவைக்கூடத்தை வாகன நிறுத்தத்துக்குக் கொடுப்பதை நிறுத்தி, சாவியைச் சங்கத்திடம் தர வேண்டும். விருப்பமுள்ளவர்கள் தங்கள் இயந்திரங்களை அங்கே கொண்டுவந்து வைத்து வேலை செய்ய விட வேண்டும். தரையும் கூரையும் சரியாக வேண்டும்தான். அதற்குத் தனியே மனு எழுதுவோம், அதைப் பற்றித் தாங்கள் இப்போதே கவலைப்பட வேண்டாம்.

தங்கள் அழைப்பை என் ஓரகத்தி ஏற்றுக்கொள்கிறாள் என்பதையும் இதன்மூலம் தெரிவிக்கிறேன். குழுவின் முன் பேச நிச்சயம் வருவாள். என்ன பேச வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து எழுதி அனுப்பிய தாள் வந்து சேர்ந்தது, நன்றி. ஆனால் அவள் தன் சொந்த வாயால் பேச விரும்புகிறாள். மாநாட்டு அரங்கில் அல்ல, கூடத்தில், நாங்கள் எல்லோரும் பக்கத்தில் இருக்கும்போது பேசுவாள். கதவு திறந்திருந்தால் உள்ளே பேசுவாள். பூட்டியிருந்தால் கதவுக்கு முன்னால் தெருவில் பேசுவாள். அப்போது நாங்கள் எங்கள் வீட்டு இயந்திரங்களைத் தள்ளுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு வந்து அவளுக்குப் பின்னால் நிற்போம். அது விதிமீறல் என்று எங்களுக்குத் தெரியும். ஒரே நாளில் இத்தனை பேர் பெயரையும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டுக் குழுவுக்கு யாரைக் காட்டுவது என்பது தங்கள் அலுவலகத்தின் பாடு.

இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்கூட்டியே தெரிவிப்பது மரியாதை என்பதால் தெரிவிக்கிறேன்.

கடைசியாக ஒரு சிறு விளக்கம். கீழே சங்கத்துப் பெண்கள் அனைவரும் கையெழுத்திட்டிருக்கிறோம். அதில் முதலாவதாக இருப்பது என் ஓரகத்தியுடையது. வலது கை மாவுக்கட்டில் இருப்பதால் இடது கையால் போட்டிருக்கிறாள். திட்டத்தில் சேர்ந்தபோது அவள் போட்ட கையெழுத்தோடு இது ஒத்துப்போகாது. ஒத்துப்போகவில்லை என்று மனுவைத் திருப்பி அனுப்ப வேண்டாம். இதுவும் அவள் கைதான்.

இடம்: சலவைக்கூடத் தெரு
நாள்: பதினான்காம் தேதி, திங்கட்கிழமை

இப்படிக்கு,
பதிலை எதிர்பார்த்துக் கூடத்தின் வாசலில் இருக்கும்,
செயலாளரும் சங்க உறுப்பினர்களும்

(கையொப்பங்கள் இணைப்பில்)